எலும்பும் எலும்பும் சேரும் இடம்

இரண்டு எலும்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்துக்கு மூட்டு என்று பெயர். புதுக் கைலியின் இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதை 'மூட்டுவது' என்று தையற்கடையில் சொல்வார்களே, அதே சொல்தான். பேச்சு வழக்கில் மூட்டு என்றால் பெரும்பாலும் முழங்கால். 'மூட்டு வலி' என்று ஒருவர் சொன்னால் எந்த மூட்டு என்று யாரும் கேட்பதில்லை. உடற்கூற்றியலில் இந்தச் சொல்லின் எல்லை விரிந்தது. மண்டையோட்டுத் தகடுகள் சேரும் தையலும் மூட்டு, தாடைக்குழியில் பல் நிற்கும் இடமும் மூட்டு, முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டும் மூட்டு. அசைந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வளர்ந்த மனிதருக்கு எலும்புகள் 206. பிறந்த குழந்தைக்கு 270-க்கும் மேல். வளர வளர, சில துண்டுகளுக்கு இடையிலிருந்த மூட்டே எலும்பாக மாறி இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கணக்கு குறைவது அதனால்தான். நாக்கின் அடியில் லாட வடிவில் இருக்கும் நாவடி எலும்பு மட்டும் வேறு எந்த எலும்பையும் தொடுவதில்லை. தசைகளும் நார்களுமே அதைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன.

மூட்டு இரண்டு வேலைகள் செய்ய வேண்டும்: அசைய விட வேண்டும், பிசகாமல் பிடிக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். தாராளமாக அசையும் மூட்டு எளிதில் பிசகும்; இறுகப் பிடித்த மூட்டு அசையாது. எந்த இடத்தில் எதை எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறது என்று பார்த்தால் மூட்டு வகைகளை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

எலும்புகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதை வைத்து மூட்டுகளை மூன்றாகப் பிரிப்பார்கள். நார் இருந்தால் நார் மூட்டு, குருத்தெலும்பு இருந்தால் குருத்தெலும்பு மூட்டு, திரவம் நிறைந்த சிறு அறை இருந்தால் திரவ மூட்டு. முதல் வகை அநேகமாக அசையாது, இரண்டாவது சற்றே அசையும், மூன்றாவது நன்றாக அசையும்.

நார் மூட்டுகளில் தலையாயது மண்டையோடு. பச்சைக் குழந்தையின் உச்சந்தலையில் விரல் வைத்தால் மெத்தென்று அமுங்கும். உற்றுப் பார்த்தால் நாடியோடு சேர்ந்து அது துடிப்பதும் தெரியும். எலும்புத் தகடுகள் இன்னும் சந்திக்காத அந்த இடத்தை நார்ச் சவ்வு மூடியிருக்கிறது. பிரசவத்தின்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறித் தலையைச் சுருக்கிக்கொடுப்பதும், பிறந்த பிறகு வேகமாக வளரும் மூளைக்கு இடம் கிடைப்பதும் இந்த நெகிழ்வால்தான். பின்னுச்சிக் குழி 2, 3 மாதங்களில் மூடிவிடும். முன்னுச்சிக் குழி மூட ஒன்றரை வயது வரை ஆகலாம். பிறகு தகடுகளின் விளிம்புகள் ரம்பப் பற்களைப்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றன. வயது ஏற ஏறத் தையல்களும் மெல்ல எலும்பாகின்றன.

பல்லை யாரும் மூட்டோடு சேர்த்து நினைப்பதில்லை. ஆனால் பல் வேருக்கும் தாடையெலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. கனத்தில் ஒரு நார்ப் படலம் இருக்கிறது. பல் அதில் தொங்கி நிற்கிறது. கடிக்கும்போது பல் மயிரிழை அளவுக்கு அமுங்கி எழும். இந்தப் படலத்தில் நரம்பு முனைகள் அடர்ந்திருப்பதால்தான் சோற்றில் கிடக்கும் பொடிக்கல்லைப் பல் உடனே கண்டுபிடிக்கிறது. பல்லுக்குக் கிளிப் போடும் மருத்துவரும் இதை நம்பித்தான் வேலை செய்கிறார். இடைவிடாமல் மெல்ல அழுத்தினால் அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புதிதாக எலும்பு வளரும், பல் மாதக்கணக்கில் நகர்ந்து வரிசைக்கு வந்து சேரும்.

குருத்தெலும்பு மூட்டுகளில் சில தற்காலிகமானவை. சிறுவர்களின் கை, கால் எலும்புகளில் முனைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கும். உயரம் கூடுவது அங்கேதான். பதின்ம வயதின் இறுதியை ஒட்டி அது எலும்பாகி மூடிவிட்டால் அதன்பின் உயரம் கூடாது. பிறப்புச் சான்று இல்லாத வழக்குகளில் வயதைக் கணிக்க மருத்துவர்கள் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பது, இந்தத் தட்டுகள் எந்த அளவுக்கு மூடியிருக்கின்றன என்று பார்க்கத்தான்.

நிலையானவற்றில் முதுகெலும்பு வட்டுகள் முக்கியமானவை, மொத்தம் 23. நடுவில் நீர் கோத்த கூழ், சுற்றிலும் வெங்காயத்தோல்போல் அடுக்கடுக்கான நார் வளையங்கள். நாள் முழுவதும் நிமிர்ந்திருக்கும் உடலின் பாரம் கூழிலிருந்து நீரைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிழிந்துவிடும். இரவில் படுத்ததும் வட்டு நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால் காலையில் அளந்த உயரத்தைவிட மாலையில் அளக்கும் உயரம் 1 செ.மீ. அளவுக்குக் குறைந்திருக்கும். வளையம் கிழிந்து கூழ் வெளியே பிதுங்கி நரம்பை அழுத்துவதைத்தான் 'டிஸ்க் விலகிவிட்டது' என்கிறார்கள். உண்மையில் வட்டு எங்கும் விலகிப் போவதில்லை, பிதுங்குகிறது. இடுப்பின் முன்புறம் இரு எலும்புகள் சேரும் மூட்டும் இதே வகைதான். கர்ப்ப காலத்தில் சுரப்புகளின் செயலால் தளர்ந்து பிரசவத்துக்குச் சற்று இடம் விடுகிறது.

மற்றவை எல்லாம் திரவ மூட்டுகள். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், விரல்கள் என்று அன்றாடம் கண்ணில் படும் அசைவு முழுவதும் இவற்றின் வேலைதான். இவற்றின் கட்டமைப்பைப் பார்க்க மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை, கறிக்கடை போதும். சூப்புக்கு வாங்கிய ஆட்டுக்காலில் மூட்டை வெட்டிப் பிரித்தால் எலும்பு முனையில் நீலம் பாய்ந்த வெண்மையில், பீங்கான்போல் பளபளக்கும் ஒரு மேற்பூச்சு தெரியும். விரலால் தடவினால் வழுக்கும், நகத்தால் அழுத்தினால் சற்றே கொடுக்கும். அதுதான் மூட்டுக் குருத்தெலும்பு. பிரித்த விரலில் முட்டையின் வெள்ளைக்கரு போன்ற பிசுபிசுப்பு ஒட்டும். அது மூட்டுத் திரவம். இரண்டு எலும்புகளையும் உறைபோலச் சுற்றிக் கட்டியிருக்கும் வெள்ளைத் தோல்தான் மூட்டுறை. உறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று படிந்திருக்கிறது. திரவத்தைச் சுரப்பது அதன் வேலை.

குருத்தெலும்பின் கனம் பெரும்பாலான மூட்டுகளில் 2 முதல் 4 மி.மீ. மட்டுமே. மிகத் தடித்தது முழங்கால் சில்லின் பின்புறம் இருப்பது. குருத்தெலும்பின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மீதி, நீரைப் பிடித்துவைக்கும் பெரிய மூலக்கூறுகளும் அவற்றைக் கட்டிப்போடும் கொலாஜன் இழைகளும். ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. உயிரணுக்கள் மிகக் குறைவு. ரத்தம் வராத இடத்துக்கு உணவு எப்படி வரும்? காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கிக் கழிவு கலந்த நீரை வெளியே விடுகிறது. காலைத் தூக்கும்போது சத்துள்ள திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நனைந்த பஞ்சை அழுத்தி விடுவதைப் போலத்தான். நடக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது. மாவுக்கட்டு போட்டு மாதக்கணக்கில் அசையாமல் வைத்த மூட்டில் குருத்தெலும்பு மெலிவது இதனால்தான்.

முழங்காலைப் போன்ற பெரிய மூட்டில்கூட இயல்பான நிலையில் இருக்கும் திரவம் சில மில்லிலிட்டர்தான், ஒரு தேக்கரண்டி நிறையாது. அவ்வளவு சொற்பத் திரவத்தை வைத்துக்கொண்டு, பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைந்த உராய்வில் மூட்டு அசைகிறது. திரவத்திலுள்ள ஹயலுரானிக் அமிலமும் லூப்ரிசின் என்ற புரதமும், அழுத்தத்தில் குருத்தெலும்பிலிருந்து கசியும் நீரும் சேர்ந்து இதைச் சாதிக்கின்றன.

எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார். விளையாட்டுச் செய்திகளில் 'லிகமென்ட்' என்று வருவது இதுதான். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தசைநார் அளவுக்கு மீறி இழுபட்டால் அது சுளுக்கு. முழங்காலுக்குள் இன்னொரு பொருளும் உண்டு: பிறைநிலா வடிவில் இரண்டு நார்க்குருத்தெலும்புத் திண்டுகள். வட்டமான தொடையெலும்பு முனை தட்டையான கீழ்க்கால் எலும்பின்மேல் உருண்டு போகாமல் அணைகொடுப்பவை இவை. ஊர்ப்பேச்சில் தசைநார், திண்டு, குருத்தெலும்பு மூன்றுக்கும் 'ஜவ்வு' என்ற ஒரே சொல்தான். 'ஜவ்வு போச்சு' என்று கேள்விப்பட்டால் மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு.

மூட்டுகளின் அசைவுகளுக்குத் தமிழில் நல்ல சொற்கள் உள்ளன. கோணத்தைக் குறைப்பது மடக்கல், கூட்டுவது நீட்டல். கையை உடலிலிருந்து அகற்றுவது விலக்கல், திரும்பக் கொண்டுவருவது சேர்த்தல். எலும்பு தன் அச்சிலேயே திரும்புவது சுழற்றல். பிரசாதம் வாங்குவதற்குக் கையை நீட்டுவது மலர்த்தல், அதே கையைத் திருப்பிப் புறங்கை காட்டுவது கவிழ்த்தல். இந்தக் கடைசி இரண்டும் மணிக்கட்டில் நடப்பதாகத்தான் தோன்றும். இடக்கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலக்கையை மலர்த்திக் கவிழ்த்துப் பார்த்தால் உண்மை தெரியும்: முன்கை முழுவதும் உள்ளுக்குள் திரும்புகிறது. கட்டைவிரல் பக்கத்து ஆர எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பின்மேல் குறுக்காகச் சாய்ந்து புரள்கிறது. திருகாணியை முடுக்கும்போதும் பூட்டில் சாவியைத் திருப்பும்போதும் நடப்பது இதுதான்.

திரவ மூட்டுகளை முனைகளின் வடிவத்தை வைத்து ஆறாகப் பிரிப்பது மரபு. கதவின் கீலைப்போல் ஒரே திசையில் திறந்து மூடுவது கீல் மூட்டு. முழங்கையில் மேற்கை எலும்பும் சுண்டுவிரல் பக்கத்து எலும்பும் சேரும் இடமும் விரல் கணுக்களும் இந்த வகை. ஒரு முளையைச் சுற்றி வளையம் திரும்புவது முளை மூட்டு. கழுத்தின் முதல் எலும்பு வளையம் போன்றது. இரண்டாவது எலும்பிலிருந்து மேலெழும் முளை அந்த வளையத்துக்குள் நிற்கிறது. தலையை இடமும் வலமும் ஆட்டி 'இல்லை' என்று சொல்லும்போது கழுத்தின் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில் நடக்கிறது. மேலும் கீழும் ஆட்டி 'ஆம்' என்பது அதற்கு மேலே, மண்டையோடும் முதல் எலும்பும் சேரும் இடத்து வேலை. நம் ஊருக்கே உரிய, பக்கவாட்டில் சாய்த்து ஆட்டும் 'சரி சரி' தலையாட்டலுக்குக் கழுத்து மூட்டுகள் பலவும் சேர்ந்து உழைக்க வேண்டும்.

மணிக்கட்டிலும் பாதத்திலும் உள்ள சிற்றெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சிறிதளவு வழுக்குவது வழுக்கு மூட்டு. மணிக்கட்டு முன்கையோடு சேரும் இடமும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளும் நீள்வட்ட வகை. மடங்கும், பக்கவாட்டிலும் சாயும், ஆனால் தம் அச்சில் சுழலா.

சேண மூட்டுக்குக் கட்டைவிரலின் அடிப்பகுதியே சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டு குதிரைச் சேணங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கவிழ்த்து வைத்ததுபோல் இரு எலும்புகளும் பொருந்தியிருக்கின்றன. அதனால்தான் கட்டைவிரல் உள்ளங்கையைக் கடந்து வந்து மற்ற விரல் நுனிகளைத் தொட முடிகிறது. சாப்பிடும்போது கவனித்தால் தெரியும்: நான்கு விரல்கள் சோற்றைத் திரட்டி ஏந்துகின்றன, வாயருகே வந்ததும் கட்டைவிரல் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளல் இந்த மூட்டால்தான் முடிகிறது. வயதானவர்களுக்கு இது சீக்கிரம் தேய்கிறது. பாட்டில் மூடி திறக்கும்போது முதலில் வலிப்பது இங்கேதான்.

ஆறாவது பந்துக்கிண்ண மூட்டு. தோளும் இடுப்பும் ஒரே வகை, ஆனால் குணம் நேரெதிர். தோளின் கிண்ணம் கிண்ணமே அல்ல, தட்டு. அந்தத் தட்டின்மேல் அதைவிடப் பெரிய பந்து, எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் நிறுத்தியதுபோல் நிற்கிறது. பழம் விழாமல் பிடித்துக்கொள்பவை அதைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள். பலன், கை எல்லாத் திசையிலும் போகும். முதுகைச் சொறியும், பந்து வீசும், மரத்தில் தொங்கும். இதற்குக் கொடுத்த விலை, பெரிய மூட்டுகளில் அதிகம் பிசகுவது தோள்தான். பிசகும்போது பெரும்பாலும் பந்து முன்பக்கமாக நழுவும். இடுப்பின் கிண்ணமோ ஆழமானது, பந்தில் பாதிக்குமேல் உள்ளே அடங்கிவிடும். அதன் முன்புறம் இருப்பது உடலிலேயே வலுவான தசைநார். இடுப்பு பிசக சாலை விபத்து போன்ற பெரிய அடி வேண்டும். அதற்கு ஈடாக அசைவு குறைகிறது. பரதநாட்டியத்தில் அரைமண்டி போடும்போது தொடைகள் இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இடுப்பு இடம் கொடுக்காதவர்கள் பாதத்தை மட்டும் திருப்பி ஈடுகட்டினால் அந்த முறுக்கை முழங்கால்தான் சுமக்கிறது.

இந்த ஆறு பெட்டிகளுக்குள்ளும் ஒழுங்காக அடங்காதது முழங்கால். பாடநூல்கள் அதைக் கீல் மூட்டு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கீல் திரும்பாது, முழங்கால் திரும்பும். எழுந்து நிமிர்ந்து நிற்கும் கடைசித் தருணத்தில் தொடையெலும்பு கீழ்க்கால் எலும்பின்மேல் சிறிது உள்நோக்கித் திரும்பி, திருகு இறுகுவதுபோல் பூட்டிக்கொள்கிறது. தொடைத் தசைகளுக்கு அதிக வேலை இல்லாமல் ரேஷன் கடை வரிசையில் நெடுநேரம் நிற்க முடிவது இந்தப் பூட்டால். மறுபடி மடக்க வேண்டுமானால் முழங்காலின் பின்னுள்ள ஒரு சிறு தசை முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். உள்ளே குறுக்காகச் செல்லும் இரு சிலுவைத் தசைநார்கள் எலும்புகள் முன்னும் பின்னும் சறுக்காமல் பிடிக்கின்றன. ஓடிக்கொண்டே சட்டென்று திசை மாறும் கால்பந்து, கபடி ஆட்டக்காரர்களுக்குக் கிழிவது பெரும்பாலும் முன்புறச் சிலுவைத் தசைநார்.

மூட்டின்மேல் விழும் பாரம் உடல் எடை மட்டுமல்ல. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடலின் எடைமையம் அந்த இடுப்புக்கு உட்புறம் இருக்கிறது. சாயாமல் நிற்க வேண்டுமானால் வெளிப்புறத் தசைகள் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். தராசில் ஒரு கை நீளம், மறுகை குட்டை என்றால் குட்டைப் பக்கம் அதிக எடை வைக்க வேண்டியிருப்பதைப்போல, அந்தத் தசைகள் உடல் எடையைவிட அதிகமாக இழுக்கின்றன. எல்லாம் சேர்ந்து மூட்டின் தலையில் விழுகிறது. உணரி பொருத்திய செயற்கை மூட்டுகளைக் கொண்டு அளந்ததில், நடக்கும்போது இடுப்பில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கும், படி இறங்கும்போது முழங்காலில் மூன்று மடங்குக்கு மேலும் விழுவது தெரிந்தது. கைத்தடியை வலிக்கும் இடுப்புக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் இந்தத் தராசுக் கணக்குதான். வலிக்கும் பக்கத்திலேயே தடி ஊன்றி நடப்பவர்கள்தான் அதிகம்.

குழந்தைக்குத் திருஷ்டி கழித்துப் பாட்டி தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிக்கும்போது எழும் சடசடப்பு எலும்பு உரசும் ஓசை அல்ல. மூட்டு இழுபடும்போது உள்ளே அழுத்தம் திடீரென விழுந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழாகிறது. குமிழ் உண்டாகும்போது ஓசை வருகிறதா, உடையும்போதா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் எம்.ஆர்.ஐ. படமெடுத்து, உண்டாகும்போது என்றார்கள். 2018-ல் வந்த ஒரு கணித மாதிரி, குமிழ் பகுதியளவு சுருங்கும்போது என்றது. முறித்த விரலை மறுபடி முறிக்க 20 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று சிறுவயதில் கேட்ட மிரட்டலைச் சோதிக்க, அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 50 ஆண்டுகள் இடக்கை விரல்களை மட்டும் முறித்துவந்தார். இரு கைகளுக்கும் வேறுபாடு இல்லை என்று 1998-ல் எழுதினார். ஒரே ஓர் ஆள்மீது நடந்த சோதனை என்பதால் அறிவியலில் அதன் எடை குறைவு. 2009-ல் அவருக்கு நகைச்சுவை விருதான இக் நோபல் கிடைத்தது.

மூட்டு நோய்களில் பரவலானது தேய்மானம். 'எலும்பு தேய்மானம்' என்று சொன்னாலும் முதலில் தேய்வது குருத்தெலும்பு. ரத்த ஓட்டம் இல்லாததால் அது தன்னைச் சீர்செய்துகொள்வது மிக அரிது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்ட்டர் 1743-லேயே, அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று பதிவுசெய்தார். முடக்குவாதம் வேறு. அங்கே உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. காலையில் விரல்கள் நெடுநேரம் விறைத்திருப்பது அதன் அடையாளம். யூரிக் அமிலப் படிகங்கள் சேர்ந்து பெரும்பாலும் கால் பெருவிரலில் தொடங்குவது கவுட்.

முற்றும் தேய்ந்த மூட்டை மாற்றும் கலை இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் உருப்பெற்றது. அங்கே அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்ளானில் இடுப்புக் கிண்ணம் செய்து பொருத்தினார். அது ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்து, தேய்ந்த தூள் சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தது. சுமார் 300 பேருக்கு வைத்த பிறகு கைவிட நேர்ந்தது. 1962-ல் நெசவாலைத் தறிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு பிளாஸ்டிக்கை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்தார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அவருடைய பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவன் அதைத் தேய்ப்பு இயந்திரத்தில் ஏற்றினார். மூன்று வாரம் இடைவிடாமல் ஓடியும், டெஃப்ளான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கு அது தேயவில்லை. அந்தப் பாலிஎத்திலீன் கிண்ணத்தோடு சுமார் 22 மி.மீ. எஃகுப் பந்தைச் சேர்த்து அதே ஆண்டு நவம்பரில் பொருத்தத் தொடங்கினார். பந்து சிறிதானால் உராய்வு குறையும், ஆனால் எளிதில் பிசகும். இயற்கையின் பேரத்தை அவரும் பேச வேண்டியிருந்தது. உலோகம் அல்லது பீங்கானில் பந்து, பாலிஎத்திலீனில் கிண்ணம் என்பதுதான் இன்றும் பரவலான அமைப்பு. பல நாடுகளின் நோயாளிப் பதிவேடுகளைத் திரட்டி 2019-ல் வெளியான ஆய்வுகளின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58-ம் முழு முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு 82-ம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன.